கொடியில் காய்ந்த பச்சை நாடா

அழுக்கே படாத ஒரு நாடாவை ஒரு மாதம் முழுக்கத் தினமும் துவைத்துக் காயப் போட்ட பைத்தியக்காரி யாராவது உண்டா என்று கேட்டால், நான் கையைத் தூக்க வேண்டியிருக்கும்.

பச்சை நாடா. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். துண்டின் கரையைக் கிழித்து, ஓரம் மடித்துக் கையால் தைத்தது. காலையில் பிள்ளைகளின் துணிகளை அலசிப் பிழிந்து வைத்துவிட்டு, கடைசியாக அந்த நாடாவை வாளித் தண்ணீரில் முக்குவேன். சவுக்காரம்கூடப் போடுவேன். பிறகு கொடிக்கயிற்றில் ஒரு சின்னப் பாவாடைக்கும் ரவிக்கைக்கும் நடுவில் அதைத் தொங்கவிடுவேன். தொங்கவிடும்போது முற்றத்துக்கு அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்க்க மாட்டேன். அங்கே ஒரு ஜன்னல் இருந்தது.

அந்த நாடாவைக் கட்ட வேண்டிய தலையில் அப்போது முடியே இல்லை. வெட்டி எறிந்தவள் நான்தான். அது அந்தப் பிள்ளையின் அப்பாவுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் அவர் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விடுவார், போனால் அபினுக்கே திரும்பிவிடுவார் என்று எனக்கு பயம்.

இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அப்போது சோறு இறங்கவில்லை.

பிள்ளைக் கொட்டகை

சித்தூர் மிஷன் ஆஸ்பத்திரிக் கிணற்றைப் பற்றிப் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, பலமனேரிலிருந்து ஒரு வாசகி, "அங்கே நர்ஸாக இருந்தீர்களா?" என்று கேட்டிருக்கிறார். இல்லை அம்மா. ஊசியைக் கண்டால் எனக்கே மயக்கம் வரும். டீச்சர் வேலைக்குப் படித்துவிட்டு, எங்காவது இடம் காலியாகும் என்று காத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் சும்மா உட்கார்ந்து அம்மாவோடு சண்டை போடுவதைவிட இது மேல் என்று எங்கள் சபைப் போதகர் அங்கே அனுப்பி வைத்தார்.

ஆந்திரம் தனி மாநிலமாகி, எல்லை எங்கே விழும் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. ஆஸ்பத்திரியின் பின்பக்கம் நீளமாக ஓடு போட்ட ஒரு கட்டடம் உண்டு. அபின் பழக்கத்தை விடவைக்கிற வார்டு அது. நாற்பது நாள் கணக்கு. முதல் நாள் கொடுக்கிற மருந்துத் தண்ணீரில் கொஞ்சம் அபின் இருக்கும். நாளாக ஆக அது குறைந்துகொண்டே வரும். பாதி நாள் போவதற்குள் குடிப்பது வெறும் கசப்புத் தண்ணீர்தான்.

அபின்காரர்கள் என்றதும் கண் சிவந்த ரௌடிகளை நினைக்க வேண்டாம். ஏற்றம் இறைத்து இடுப்பு விட்டுப்போனவர், இருமல் நிற்காதவர், பிரசவ வலிக்குப் பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த கடுகளவு உருண்டையில் ஆரம்பித்தவள், இப்படித்தான் வருவார்கள். அபின் குறையக் குறைய, ஓயாமல் கொட்டாவி விடுவார்கள், மூக்கு ஒழுகும், கால் எலும்பெல்லாம் குடையும். பதினைந்து இருபது நாள் வரைக்கும் அவர்கள் தேடுவதெல்லாம் ஒன்றுதான். வெளியே போக ஒரு காரணம்.

பெரும்பாலும் அந்தக் காரணம் பிள்ளையாக இருக்கும். பிள்ளைக்குச் சோறு போட ஆள் இல்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எழுந்து போய்விடுவார்கள். அதனால் டாக்டரம்மா ஒரு வேலை செய்தார். விட்டுவிட்டு வர ஆள் இல்லாத பிள்ளைகளையும் கூடவே அழைத்து வரச் சொல்லி, முற்றத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு கொட்டகை போட்டார். பெற்றவர்கள் அந்தப் பக்கம், பிள்ளைகள் இந்தப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தூரத்தில் நின்று பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைகளைக் குளிப்பாட்ட, எழுதப் படிக்கச் சொல்லித்தர, அழுதால் சமாதானம் சொல்ல நான். சமைக்க சாலம்மா அக்கா.

டாக்டரம்மாவிடம் ஒரு விதி இருந்தது. சிகிச்சையில் இருக்கிறவர் ஒரு தடவை கேட்டைத் தாண்டினால், மறுபடி சேர்க்க மாட்டார். இரக்கம் இல்லாத விதி என்று எனக்குத் தோன்றும். அப்படி ஒன்று இல்லாவிட்டால் வார்டே காலியாகிவிடும் என்பார் அவர்.

துணி பேசும்

கொடிக்கயிற்றின் மகிமை எனக்குத் தெரியவந்தது ஒரு மழை நாளில்.

சாந்திபுரத்திலிருந்து ஒரு அம்மாள் வார்டில் இருந்தாள். அவளுடைய மகன் எங்கள் கொட்டகையில் கொழுக்கட்டை போல இருந்தான். அன்றைக்குத் தூறல் போட்டதால் துணிகளை அடுப்படியிலேயே உலர்த்தினோம். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாள் மாரில் அடித்துக்கொண்டு முற்றத்தில் ஓடி வருகிறாள். மகன் செத்துவிட்டான், எல்லோரும் சேர்ந்து மறைக்கிறோம் என்று ஒரே கூப்பாடு. சாலம்மா அக்கா பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு மழையில் எதிரே ஓடினார். அவன் வாய் நிறையப் பொரியோடு அம்மாவைப் பார்த்து விழித்தான்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. வார்டு ஜன்னல்களிலிருந்து எங்கள் கொடிக்கயிறு தெரியும். காலையில் எழுந்ததும் எல்லோரும் பார்ப்பது அதைத்தான். சட்டை தொங்கினால் பிள்ளை குளித்திருக்கிறது. குளித்திருந்தால் காய்ச்சல் இல்லை. போர்வை தொங்கினால் ராத்திரி நனைத்துவிட்டது, அதட்டினார்களோ என்னவோ. நாங்கள் ஒரு வார்த்தையும் சொல்லாமல், கொடி எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் கயிற்றில் ஓர் இடம் என்று ஆயிற்று. மழைக்கென்று தாழ்வாரத்தில் இன்னொரு கயிறு கட்டினோம். இடம் மாறக் கூடாது, விட்டுப்போகக் கூடாது. நான் கற்றுக்கொண்டு கடைப்பிடித்த ஒழுங்குகளில் இது ஒன்றுதான் உருப்படியானது.

ஏழுமலையும் அலமேலுவும்

ஏழுமலைக்கு ஊர் பாலசமுத்திரத்துக்குப் பக்கத்துக் கிராமம். கொஞ்சம் நிலம், ஒரு கிணறு. முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும், பார்த்தால் ஐம்பது சொல்லலாம். பெண்டாட்டி காய்ச்சலில் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. சர்க்கார் கொடுத்த பர்மிட் சீட்டு வைத்துக்கொண்டு பள்ளிப்பட்டுப் பக்கம் போய் அபின் வாங்கி வருவாராம். சீட்டில் எழுதுகிற அளவு வருடா வருடம் குறைந்துகொண்டு வந்தது. அது போதாதென்று, கடை இருக்கிற ஊர் சென்னை மாநிலத்துக்குப் போய்விடும், இவருடைய ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிடும் என்று பேச்சு கிளம்பியிருந்தது.

எங்கள் கேட் வாட்ச்மேன் எல்லாவற்றையும் எல்லையோடு சேர்த்துத்தான் பேசுவார். எல்லை வந்தால் அபின் கிடைக்காமல் எத்தனை பேர் யோக்கியர்களாகி விடுவார்கள் பார் என்பார். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு போடுகிறாரே என்று நினைப்பேன். ஏழுமலை விஷயத்தில் அவர் சொன்னது பாதி சரிதான். ஏழுமலை இங்கே வந்து சேர மீதிப் பாதி காரணம் அவருடைய மகள்.

அலமேலுவுக்கு ஆறு வயது. அவள் தலைமுடியைப் பார்த்து நாங்கள் அசந்துபோனோம். முழங்கால் வரைக்கும் வழியும் முடி. அதை அழகாக வாரி, ஒற்றைப் பின்னல் போட்டு, நுனியில் பச்சை நாடா கட்டியிருந்தது. யார் பின்னியது என்று கேட்டால், "நைனா" என்றாள். அப்பா பின்னியது என்பதைச் சாலம்மா அக்கா நம்பவில்லை.

எந்நேரமும் கொட்டாவி விடுகிற மனிதருக்கு இத்தனை பொறுமை எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அபின்காரர் என்று ஒரு பெயரை ஒட்டிவிட்டால், அதற்குப் பிறகு அந்த ஆளைப் பார்க்கவே வேண்டியதில்லை அல்லவா? அப்போது என் புத்தி அப்படித்தான் இருந்தது.

பேன்சீப்பு வம்சம்

இங்கே எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் வேதப்புத்தகத்துக்கு அடுத்த மரியாதை பேன்சீப்புக்குத்தான். சனிக்கிழமை சாயங்காலம் அம்மா முக்காலியில் உட்கார்ந்து, பெண்கள் எங்கள் நாலு பேரையும் வரிசையாக மண்டியிட வைத்து, வெள்ளைத் துணியை மடியில் விரித்துக்கொண்டு சீப்பை இழுப்பாள். தலையில் பேனோடு ஆராதனைக்குப் போவது அம்மாவைப் பொறுத்தவரை பத்துக் கட்டளைகளில் விட்டுப்போன பதினோராவது. கடைசித் தங்கையின் முடியை ஒரு தடவை ஒட்ட வெட்டி, வேப்பெண்ணெய் தடவி, "முடி வளரும், மானம் வளராது" என்றாள். அந்தத் தங்கைக்கு இன்றைக்கும் வேப்ப மரத்தடியில் நிற்கப் பிடிக்காது.

தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை. அந்த அம்மாவின் மகள்தான் நான்.

அலமேலு தன் தலையைத் தொட யாரையும் விடவில்லை. நைனாதான் வாரணும் என்பாள். காலையில் நாடாவை மட்டும் அவிழ்த்து என்னிடம் துவைக்கக் கொடுப்பாள். அது காய்ந்ததும், கலைந்த முடியைத் தானே ஒரு கொத்தாகப் பிடித்துக் கட்டிக்கொள்வாள். வாராத முடி, மற்ற பிள்ளைகளோடு ஒரே பாயில் படுக்கை. ஒன்பதாவது நாள் முடி சிக்குப் பிடித்துக் கயிறாகியிருந்தது. பின்னங்கழுத்தில் புண். பேன் கண்ணுக்குத் தெரிந்தே ஊர்ந்தது.

நான் கத்தரிக்கோலை எடுத்தேன்.

அவள் ஓடவில்லை, அழவும் இல்லை. என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"அது சாமி முடி, டீச்சர்."

"சாமிக்கு எதுக்குடி பேனு?" என்றேன் நான்.

அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அவசரக்காரிக்கு அதுவும் கிடையாது. காதோரம் ஆரம்பித்து ஒட்ட வெட்டி முடித்தேன். வேப்பெண்ணெய் தடவினேன். வெட்டிய முடியை முறத்தில் அள்ளி வெந்நீர் அடுப்பில் போட்டேன். பொசுங்கிய நாற்றம் அடுப்படி முழுக்கச் சுற்றியது. ஒரு நல்ல காரியம் செய்து முடித்த களைப்போடு கை கழுவினேன்.

பொட்டலம்

மறுநாள் மத்தியானம் அலமேலு வந்து என் எதிரே நின்றாள்.

"பொட்டலம் எங்க டீச்சர்?"

என்ன பொட்டலம் என்று கேட்டேன். முடியை மஞ்சள் துணியில் முடிந்து பத்திரமாக வைத்திருப்பேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அதை மலைக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டுமாம்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த சாலம்மா அக்காவின் கை நின்றது. அவருடைய அம்மா வழிச் சொந்தமெல்லாம் இன்னும் கோயில் கும்பிடுகிறவர்கள். அவர்தான் எனக்கு விளக்கினார். அது பிறந்ததிலிருந்து கத்தி படாத முடி. முதல் மொட்டை திருப்பதியில் என்று பெற்றவர்கள் வேண்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வயதிலோ மூன்று வயதிலோ போட்டிருக்க வேண்டியது ஏதோ காரணத்தால் தள்ளிப்போயிருக்கிறது.

மொட்டை பற்றி எனக்குத் தெரியாதா? சித்தூரில் பிறந்து வளர்ந்தவள் நான். திருப்பதி பஸ்ஸில் சந்தனத் தலைகளைத் தினமும் பார்த்தவள். ஆனால் மொட்டைக்காகக் காத்திருக்கும் முடியை அதுவரை நான் கவனித்ததில்லை. அதெல்லாம் அவர்கள் வீட்டுச் சமாச்சாரம் என்று இருந்துவிட்டேன்.

அலமேலுவிடம் பொட்டலம் இல்லை என்று சொன்னேன். எரித்துவிட்டேன் என்று சொல்ல நாக்கு வரவில்லை. அவள் கையில் சுருட்டி வைத்திருந்த பச்சை நாடாவை நீட்டினாள்.

"இன்னிக்கு இது கொடில இல்ல. நைனா தேடும்."

நேராக டாக்டரம்மாவிடம் ஓடினேன்.

டாக்டரம்மா தெலுங்குக்காரர். எங்களோடு தமிழ் பேசினாலும், கோபம் வந்தால் தெலுங்கு முன்னால் வரும். நான் சொல்லி முடித்ததும் அவர்தான் விஷயத்தைச் சொன்னார். ஏழுமலை மனைவிக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறார், அபினை விட்டுவிட்டு, சுத்தமான உடம்போடு மகளை மலைக்கு அழைத்துப் போய் முடி இறக்குவதாக. இரண்டு தடவை புறப்பட்டு, அபின் இல்லாமல் இருக்க முடியாமல் பாதி வழியில் திரும்பியிருக்கிறார். சேர்ந்த அன்றைக்கே இதை டாக்டரம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அந்த முடிக்காகத்தான் அவர் அங்கே படுத்திருந்தார். அதைத்தான் நான் அடுப்பில் போட்டிருந்தேன்.

"சூடம்மா ரூத், இங்க பாரு," என்றார் டாக்டரம்மா. "இன்னிக்கு அவருக்குப் பத்தாவது நாள். இப்ப போய்ச் சொன்னா உன் மனசு லேசாயிடும். அவர் எழுந்து போயிடுவார். நாற்பதாவது நாள் சொல்லு. அதுவரைக்கும் நீ சுமக்கணும்."

முழுப் பூசணிக்காய்

அப்படி ஆரம்பித்ததுதான் நாடா துவைக்கும் திருப்பணி.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது சுலபம். ஒரு மொட்டைத் தலையை ஞாயிற்றுக்கிழமை வெளிச்சத்தில் மறைத்துப் பாருங்கள், தெரியும். ஆராதனைக்குப் பெண்பிள்ளைகள் தலையில் துணி போடுவது எங்கள் வழக்கம். அதைச் சாக்காக வைத்துக் கொட்டகையில் இருந்த எல்லாப் பெண்பிள்ளைகளுக்கும் முக்காடு போட்டு வரிசையாக நிறுத்தினேன். எதிர்ப்பக்கம் ஏழுமலை நின்று பார்த்தார். கையைத் தூக்கினார். அலமேலுவும் தூக்கினாள். பிள்ளையைக் கிறிஸ்தவ வேதத்தில் சேர்க்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொள்வாரோ என்று எனக்குப் புதுக் கவலை பிடித்துக்கொண்டது.

அலமேலு என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் காலையில் மற்ற பெண்களுக்கு நான் தலை வாரும்போது, அவளும் வந்து வரிசையில் கடைசியாக முதுகைக் காட்டி உட்காருவாள். வார என்ன இருக்கிறது? முதல் நாள் எழுந்து போகச் சொன்னேன். போகவில்லை. மறுநாளிலிருந்து கொஞ்சம் எண்ணெய் எடுத்து அந்த வெறுந்தலையில் தேய்த்து, தட்டிக் கொடுப்பேன். போதும் என்று அவளாக எழுந்து போவாள். அப்பா வாருகிற நேரம் அது. அந்த நேரத்துக்கு ஒரு கை தலையில் பட வேண்டும், அவ்வளவுதான். டீச்சர் வேலைக்குப் படித்த இரண்டு வருடத்தில் இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இருபது நாள் தாண்டியிருக்கும். ஒரு மத்தியானம் கேழ்வரகு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். ஏழுமலை கேட்டிடம் நிற்கிறார், திறக்கச் சொல்கிறார் என்று வாட்ச்மேன் சொல்லி அனுப்பினார்.

மாவுக் கையோடு ஓடினேன். போகிற வழியில் காலே தரையில் பாவவில்லை. தெரிந்துவிட்டது, யாரோ சொல்லிவிட்டார்கள், முடிந்தது கதை என்றுதான் நினைத்தேன்.

ஏழுமலை கேட் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். உடம்பெல்லாம் வியர்வை, மேலெல்லாம் மயிர்க்கூச்செறிந்து நின்றது. தாழ்ப்பாள் அவர் கைக்கு எட்டும் தூரம்தான். என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். எதையோ கேட்கப்போகிறவர் நிறுத்திக்கொண்டு, வேறு எதையோ கேட்டார்.

"பாப்பா துன்னுச்சா?"

சாப்பிட்டாள் என்றேன். களியும் வேர்க்கடலைச் சட்னியும், இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கம்பியிலிருந்து ஒவ்வொரு கையாக எடுத்து, திரும்பி வார்டுக்கு நடந்தார்.

தப்பித்தோம் என்று நான் கேட்டடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வாட்ச்மேன் தண்ணீர் கொடுத்தார்.

நாற்பதாவது நாள்

நாற்பதாவது நாள் காலை டாக்டரம்மாவின் அறையில் நான், அவர், ஏழுமலை. அவர் முகத்தில் சதை பிடித்திருந்தது. புது வேட்டி. நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த நாலு வாக்கியங்களில் ஒன்றுகூட வரவில்லை. முடியை வெட்டிவிட்டேன், அடுப்பில் போட்டுவிட்டேன், தெரியாமல் செய்தேன் என்று அழுதுகொண்டே சொன்னேன். தெரியாமல் என்பதுகூடப் பொய். பிள்ளை சொன்னது, நான் கேட்கவில்லை என்று அதையும் சொன்னேன்.

ஏழுமலை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும் டீச்சரம்மா," என்றார். "அப்பவே தெரியும்."

எனக்கு அழுகை நின்றுவிட்டது.

"ஒரு நாளு நாடா கொடில இல்ல. மறுநாளு வந்திச்சி. ஆனா சுருக்கமே இல்லாம நேரா தொங்கிக்கினு இருந்திச்சி. ரெண்டு வருசமா நான் கட்டிக்கினு வர்ற நாடா அது. மொத நாளு முடிச்சி போட்டிருந்தா, தொவச்சாலும் முனை சுருண்டுதான் நிக்கும். தெனைக்கும் பாத்தேன். முடிச்சே விழல. தலைல முடி இல்லன்னு தெரிஞ்சிக்கினேன்."

அப்படியானால் ஏன் கேட்கவில்லை என்றார் டாக்டரம்மா.

"எந்நேரமும் வெளிய போறதுக்கு ஒரு சாக்குதாம்மா தேடிக்கினு கெடந்தேன். சாமியே கைல குடுத்தாப்பல கெடச்சிது. இத்தினி பெரிய சாக்கு எவனுக்குக் கெடைக்கும்? ஒரு நாளு தாங்கல. டீச்சரம்மாவ நாலு வார்த்த கேட்டுட்டு, பாப்பாவ இட்டுக்கினு போயிடலாம்னுதான் கேட்டுக்கு வந்தேன். இவங்க மாவுக் கையோட ஓடியாந்தாங்க. முடி எங்கன்னு வாயெடுத்தா நான் போயிடுவேன். கோவத்துல போறன்னு நெனச்சிக்குவேன், ஆனா கால் கடைக்குத்தான் போவும். அதான் பாப்பா துன்னுச்சான்னு கேட்டுட்டுத் திரும்பிட்டேன்."

டாக்டரம்மா மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து, மூடியைத் திறந்து, மறுபடி மூடினார். நான் அந்த மனிதரை அன்றைக்குத்தான் முதல் தடவையாக முழுசாகப் பார்த்தேன். ஒரு மாதமாக நான் அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து நாடா துவைத்துக்கொண்டிருந்தேன். அவரோ எல்லாம் தெரிந்தும் என்னைக் காப்பாற்றிக்கொண்டு கிடந்தார்.

அலிபிரி

மூன்று நாலு மாதம் கழித்து ஏழுமலை சித்தூருக்கு வந்தார். அலமேலுவை மலைக்கு அழைத்துப் போகிறாராம். நான் வந்தால்தான் வருவேன் என்கிறாளாம் அவள். போதகரிடம் கேட்டேன். திருப்பதி வரைக்கும் போகலாமா, மலைப் படி தொடங்குகிற அலிபிரி வரைக்கும் போகலாமா என்று நான் இழுத்ததும், "சபைக்குப் படி வரைக்கும் ஆட்சேபம் இல்லை" என்று அவர் சிரிக்காமல் சொன்னார்.

அலிபிரியில் மலையேறும் படிகளுக்குக் கீழே, ஒரு புளிய மரத்தடியில் பூக்காரியோடு உட்கார்ந்திருந்தேன். ஏழுமலை மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே ஏறினார். இரண்டு தடவை வந்த வழியிலேயே திரும்பிய மனிதர். அவர் முதுகு மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குள் ஒரே ஒரு உறுத்தல்தான். பிறவி முடி போய்விட்டது. இப்போது அவர்கள் கொண்டு போவது ஒரு விரற்கடை முளைத்த குத்து முடி. அது என்ன காணிக்கையில் சேர்த்தி?

வெயில் சாய்ந்த பிறகு இறங்கி வந்தார்கள். இரண்டு தலைகளிலும் சந்தனம். இருவருக்கும் ஒரே மண்டை வடிவம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அலமேலு ஓடி வந்து முதுகைக் காட்டி என் முன்னால் உட்கார்ந்தாள். சந்தனம் ஒட்டாமல் மெதுவாகத் தட்டிக் கொடுத்தேன்.

ஏழுமலை லட்டைப் பிட்டு ஒரு துண்டு கொடுத்தார். வாங்கித் தின்றேன். போதகரிடம் சொல்லவில்லை, இப்போது பத்திரிகையிலேயே எழுதிவிட்டேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் அல்லவா, கடைசியாகக் கேட்டே விட்டேன். பிறவி முடியைக் கொடுக்க முடியவில்லையே, மனசில் குறை இருக்கிறதா என்றேன்.

அவர் தன் தலையைத் தடவிக்கொண்டார்.

"மேல போறவரிக்கும் இருந்திச்சி டீச்சரம்மா. கத்தி வெக்கிறப்போதான் தோணிச்சி. அந்த முடி பூரா நான் அபின் துன்னுக்கினு இருந்தப்ப வளந்தது. இது நான் துன்னாதப்ப மொளச்சது. அவ அம்மாளுக்கு நான் சொன்னது இந்த முடிதான்."

சொல்லிவிட்டு மடியிலிருந்து பச்சை நாடாவை எடுத்து என்னிடம் கொடுத்தார். மறுபடி வளர்கிற வரைக்கும் என்னிடமே இருக்கட்டும் என்றார். எனக்கு அப்போது வந்த நிம்மதியை இன்னதென்று சொல்லத் தெரியவில்லை. சித்தூர் பஸ்ஸில் ஏறி, திருப்பதி தாண்டுவதற்குள் தூங்கிப்போய்விட்டேன். பல மாதங்களில் அப்படித் தூங்கியதில்லை.

பின்னொரு சனிக்கிழமை

எனக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தபோது, அலமேலுவும் அங்கே விடுதியில் சேர்ந்தாள். எல்லை முடிவாகி, ஏழுமலையின் ஊர் இந்தப் பக்கமே நின்றது. மாதம் ஒரு சனிக்கிழமை மகளைப் பார்க்க வருவார். அவள் தலையில் ஒரு சின்னப் பின்னல் போடும் அளவுக்கு முடி வந்திருந்தது. விடுதிக்குப் பின்னால் கொடிக்கயிறு. தெருவிலிருந்தே தெரியும்.

அவர் வாசலுக்கு வருவதற்கு முன் வேலிப் பக்கம் ஒரு நிமிஷம் நிற்பார். அன்றைக்கும் நின்றார். பாவாடைக்குப் பக்கத்தில் பச்சை நாடா காய்ந்துகொண்டிருந்தது. துவைத்துத் துவைத்து வெளுத்திருந்தது. இரண்டு முனையும் சுருண்டிருந்தன.

பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.